அந்த விரிகுடாவில் நங்கூரம் போடலாமா?

என்னோடு பி.இ. படித்த நண்பன் ஒருவன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான். மூன்று வருடம் முன்னால் 36 அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கினான். யாட் என்றதும் பணக்காரர் சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். பாதி நாள் அதைப் பழுது பார்ப்பதிலேயே போகிறது அவனுக்கு. போன வருடம் இப்படி ஒரு செய்தி அனுப்பியிருந்தான்.

"டேய், டிசம்பர்ல மெக்சிகோ இறங்குறோம். காபோ சான் லூகாஸ்ல நாலு நாள் நங்கூரம் போட்டு நிக்கலாம்னு இருக்கோம். மரினால வாடகை ரொம்ப அதிகம். அந்த இடம் சேஃபா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லு."

நான் மாலுமி இல்லை. சாஃப்ட்வேர் ஆள். வாரக் கடைசியில் கடல் வரைபடங்களையும் பழைய கப்பல் விபத்துகளையும் கிளறிக்கொண்டிருப்பவன், அவ்வளவுதான். அது தெரிந்துதான் கேட்டான். படகில் அவன் மனைவியும் பன்னிரண்டு வயது மகளும் தூங்கப் போகிறார்கள். அதனால் ஒரே வார்த்தையில் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் ஒழுங்காகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. இதில் நான் செய்த தப்பும் இருக்கிறது.

இடம் எப்படிப்பட்டது?

அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து தெற்கே நீளமாகத் தொங்கும் தீபகற்பம் பாஹா கலிஃபோர்னியா. அதன் தென்முனை காபோ சான் லூகாஸ். கடக ரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. முனையில் பாறைகள் வரிசையாகக் கடலுக்குள் நீண்டு, கடைசியில் ஒரு வளைவு போல நிற்கும். சுற்றுலாப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாறைகளுக்குக் கிழக்கே, தென்கிழக்கைப் பார்த்தபடி ஒரு விரிகுடா. உள்ளே வெள்ளை மணல் கடற்கரை, அதன் பெயர் எல் மேதனோ. படகுகள் அந்தக் கடற்கரைக்கு முன்னால்தான் நங்கூரம் போடுகின்றன. இன்று உள்ளே தோண்டப்பட்ட துறைமுகத்தில் பெரிய மரினாவும் இருக்கிறது.

தமிழில் நாலு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. இந்தப் பெயர்களை வைத்தே விரிகுடாவை விவரித்துவிடலாம். வாடைக்கும் கோடைக்கும் கதவு மூடியிருக்கிறது. கொண்டலுக்கும் தென்றலுக்கும் அகலத் திறந்திருக்கிறது.

குளிர்காலத்தில் அங்கே பெரும்பாலும் வடக்கு, வடமேற்குக் காற்றுதான். கிழக்குப் பசிபிக்கின் புயல் பருவம் அதிகாரப்பூர்வமாக நவம்பர் 30 அன்று முடிகிறது. ஆக, டிசம்பரில் போனால் பிரச்சினை இல்லை. அப்படித்தானே தோன்றுகிறது?

நான் எழுதிய நிரல்

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கையில் பைத்தான் இருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? விரிகுடாவின் நடுவிலிருந்து 36 திசைகளில் கோடு இழுத்து, ஒவ்வொரு கோடும் எவ்வளவு தூரத்தில் நிலத்தைத் தொடுகிறது என்று கணக்கிட்டேன். காற்று தடையில்லாமல் ஓடிவரும் இந்தத் தண்ணீர்த் தூரத்தை மாலுமிகள் ஃபெட்ச் என்கிறார்கள். ஃபெட்ச் நீளமாக இருந்தால் காற்று பெரிய அலையை எழுப்பும். ஒரு கிலோமீட்டர் குறுக்களவுள்ள ஏரியில் புயலடித்தாலும் அலை சின்னதாகவே இருப்பது இதனால்தான்.

பிறகு டிசம்பர் மாதக் காற்றுத் தரவை இறக்கி, ஒவ்வொரு திசையிலிருந்தும் எவ்வளவு நேரம் காற்று வருகிறதோ அதை எடையாக வைத்துச் சராசரி எடுத்தேன். திரையில் அந்த விரிகுடா அழகாகப் பச்சை நிறத்தில் வந்தது. அந்தப் படத்தை நண்பனுக்கு அனுப்பப் போனேன். அப்போதுதான் 'ஜோஷுவா' ஞாபகத்துக்கு வந்தது.

ஜோஷுவா ஒரு படகு. பெர்னார் முவாதெஸியே என்ற பிரெஞ்சு மாலுமியின் எஃகுப் படகு. 1968ல் நடந்த, தனி ஆளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டியில், ஜெயிக்க வாய்ப்பிருந்தும் இங்கிலாந்துக்குத் திரும்பாமல் தாஹித்திக்குப் போய்விட்டாரே, அவர்தான். தென்பெருங்கடலின் அத்தனை அலைகளையும் தாங்கிய அந்தப் படகு கடைசியில் கரையில் மோதியது எங்கே? இதே காபோ சான் லூகாஸ் விரிகுடாவில். எப்போது? 1982 டிசம்பர் 8. புயல் பருவம் முடிந்து எட்டாவது நாள்.

அன்றிரவு காற்று தென்கிழக்கிலிருந்து வீசியது. திறந்த கதவு வழியாக நேரே அலை வந்தது. விடிந்தபோது சுமார் 30 யாட்டுகள் அந்தக் கடற்கரையில் கிடந்தன. அவற்றில் பல, அனுபவசாலிகளின் படகுகள். (ஜோஷுவாவை முவாதெஸியே கைவிட்டார். மற்றவர்கள் மணலிலிருந்து மீட்டு ஓட்டினார்கள். 1990ல் ஃபிரான்ஸின் லா ரோஷெல் கடல் அருங்காட்சியகம் அதை வாங்கியது. இன்றும் மிதக்கிறது.)

என் நிரலில் பிழை இல்லை. கேள்விதான் பிழை. "இங்கே சராசரியாக எப்படி இருக்கும்?" என்று கேட்டிருந்தேன். படகு சராசரியால் உடைவதில்லை, ஒரே ஒரு இரவால் உடைகிறது. ஆயிரம் நாள் ஒழுங்காக ஓடிய சர்வர் ஒரு ராத்திரி விழுந்ததைப் பார்த்தவனுக்கே இது உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம்.

சராசரியைத் தூக்கிப் போட்டேன். புதிய கேள்வி இது: திறந்த பக்கத்திலிருந்து காற்று வந்தால், இந்தப் படகுக்கு என்ன ஆகும்? அதை ஐந்தாகப் பிரித்துக்கொண்டேன்.

1. காற்றே இல்லாமல் அலை வருமா?

வரும். கன்னியாகுமரிப் பக்கம் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை கேட்டிருப்பீர்களே. உள்ளூரில் காற்று இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், ஆனால் எங்கோ தென்னிந்தியப் பெருங்கடலில் பிறந்த நீண்ட அலை கரையேறும். இதை மாலுமிகள் ஸ்வெல் என்பார்கள்.

இரண்டு அலை முகடுகளுக்கு நடுவே எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். ஆழ்கடலில் அந்த எண்ணை ஒன்றரையால் பெருக்கினால், அலைக்கூட்டம் எத்தனை நாட் வேகத்தில் வருகிறது என்று கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். 14 வினாடி ஸ்வெல் என்றால் சுமார் 21 நாட். ஒரு நாளில் 500 கடல் மைல். பெரும்பாலான புயல்கள் இவ்வளவு வேகமாக நகராது. அதனால் புயலுக்கு முன்னால் அதன் ஸ்வெல் வந்து கதவைத் தட்டும். திறந்த பக்கத்திலிருந்து புதிதாக நீண்ட ஸ்வெல் வர ஆரம்பித்தால் அது ஒரு தந்தி மாதிரி. அசௌகரியம் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு தூங்கக் கூடாது.

இன்னொன்று. முனை மறைக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஆழம் குறையும் இடத்தில் அலை வளைந்து திரும்பும். நீண்ட அலை சீக்கிரமே தரையை உணர்வதால் அதிகமாக வளையும். 14 வினாடி அலையின் நீளம் 300 மீட்டருக்கு மேல். அது 150 மீட்டர் ஆழத்திலேயே அடித்தரையை உணரத் தொடங்கும்.

2. அலை எங்கே உடையும்?

அலை உயரம், தண்ணீர் ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டும் இடத்தில் ஏறக்குறைய உடையும். 4 மீட்டர் அலை 5 மீட்டர் ஆழத்தில் உடைந்துவிடும். உடையாத அலையில் படகு ஏறி இறங்கும், வாந்தி வரும், அவ்வளவுதான். உடையும் அலை படகைத் தூக்கி எறியும். ஆக, நங்கூரம் போடும் இடம் இன்றைக்கு எவ்வளவு ஆழம் என்பது போதாது. கெட்ட இரவில் அந்த இடம் உடையும் அலைக்கு உள்ளேயா வெளியேயா என்று பார்க்க வேண்டும்.

காபோவில் இதற்கு ஒரு சிக்கல். விரிகுடாவுக்குள்ளேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில் வருகிறது. அதன் ஓரத்தில் மணல் அருவி போலக் கொட்டுவதை முக்குளிப்பவர்கள் பார்க்கப் போகிறார்கள். அழகுதான். ஆனால் நங்கூரம் போட ஏற்ற ஆழம் கடற்கரையை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில்தான் கிடைக்கும். கொஞ்சம் வெளியே போனால் சங்கிலி எட்டாத ஆழம். எல்லாப் படகுகளும் அந்தப் பட்டைக்குள், கரைக்குப் பக்கத்தில், நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

3. காற்று திரும்பினால் படகு எங்கே இருக்கும்?

இது நான் யோசிக்காமலே விட்டிருந்த விஷயம். ஒரு தாளில் வரைந்து பாருங்கள்.

நங்கூரம் கடற்கரையிலிருந்து 100 மீட்டரில், 6 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. சங்கிலி நீளம், ஆழத்தோடு படகின் முகப்பு உயரத்தையும் கூட்டி அதைப்போல் ஐந்து மடங்காவது வேண்டும் என்பது பொது விதி. 6 மீட்டர், கூட 1.5 மீட்டர், ஐந்தால் பெருக்கினால் 37.5. சரி, 40 மீட்டர் என்று வைப்போம். (கடலேற்றம் இருந்தால் அதையும் ஆழத்தில் கூட்ட வேண்டும்.) வாடை அடிக்கும்போது படகு நங்கூரத்துக்குக் கடல் பக்கம், 40 மீட்டர் தள்ளி நிற்கும். முகப்புக்கும் கரைக்கும் இடையே 140 மீட்டர். நிம்மதியாக இருக்கும்.

இப்போது காற்று தென்கிழக்குக்குத் திரும்புகிறது. படகு நங்கூரத்தைச் சுற்றி அரைவட்டம் அடித்து, கரைப்பக்கம் 40 மீட்டர் வந்து நிற்கும். 11 மீட்டர் படகு என்றால் அதன் பின்பக்கம் கரையிலிருந்து 50 மீட்டர்கூட இல்லை. நங்கூரம் ஒரு அடிகூட நகரவில்லை, ஆனால் படகு அலை உடையும் இடத்துக்குள் போய்விட்டது.

சுழலாமல் இருக்க முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போடுகிறவர்கள் உண்டு. நெருக்கமான இடத்தில் அதுதான் வசதி. ஆனால் பக்கவாட்டில் காற்று வந்தால் படகு முகத்தைத் திருப்ப முடியாது. முழு விலாவையும் காட்டிக்கொண்டு நிற்கும்.

4. நங்கூரம் பிடிக்குமா?

நல்ல மணலிலும் கெட்டியான சேற்றிலும் பிடிக்கும். பாறையிலும், பாசி மண்டிய தரையிலும் நம்ப முடியாது. காபோவில் மணல், அது நல்லது. ஆனால் காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 15 நாட் காற்று 45 ஆனால் விசை மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. சங்கிலியின் தொய்வு மறைந்து கம்பி மாதிரி விறைக்கும். அதன்மேல் ஒவ்வொரு அலையும் ஒரு வெடுக். அந்த வெடுக்கைத் தாங்க நீளும் நைலான் கயிறு ஒன்றைச் சங்கிலியோடு சேர்த்துக் கட்டுவது அவசியம்.

அப்படியும் நங்கூரம் நழுவினால்? வெறும் ஒரு நாட் வேகத்தில் படகு பின்வாங்கினாலும் நிமிடத்துக்கு 30 மீட்டர். நம்மிடம் மிச்சமிருப்பது 50 மீட்டர். எழுந்து, மேலே வந்து, என்ஜினைக் கிளப்ப ஒன்றரை நிமிடம். நம் படகு நழுவாவிட்டாலும் முன்னால் நிற்பவரின் படகு நழுவி நம் சங்கிலியில் விழலாம். அறுந்து மிதக்கும் கயிறு என்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ளலாம். நம் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், பக்கத்துப் படகுக்காரரின் கணக்கும் சரியாக இருக்க வேண்டும்.

5. கிளம்ப முடியுமா? எப்போது?

முதல் நாலு கேள்விக்கும் காபோ தேறவில்லை. ஆனாலும் உலகம் முழுக்க மக்கள் இப்படிப்பட்ட திறந்த விரிகுடாக்களில் நங்கூரம் போடுகிறார்கள், பத்திரமாகத் திரும்புகிறார்கள். எப்படி? நேரத்தோடு கிளம்பிவிடுகிறார்கள். அதனால் எனக்கு இந்த ஐந்தாவது கேள்விதான் உண்மையான கேள்வி.

கரையை நோக்கிக் காற்று அடிக்க ஆரம்பித்தபின் கிளம்புவது, எல்லாரும் கிளம்ப நினைக்கும் நேரத்தில் கிளம்புவது. இருட்டு, மழை, எதிர் அலை, சுற்றிலும் நழுவும் படகுகள். நங்கூரத்தைத் தூக்கும்போது அதன் மேலேயே படகைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்த அலையில் அது லேசில் முடியாது. ஆக, கிளம்பும் முடிவை வெளிச்சம் இருக்கும்போதே, எல்லாம் நன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். அங்கேதான் மனுஷ மனசு ஒத்துழைக்காது. நன்றாக இருக்கும்போது யாருக்குக் கிளம்பத் தோன்றும்?

லின் பார்டி, லாரி பார்டி என்ற மாலுமித் தம்பதி 1982 விபத்தை 'தி கேப்பபிள் க்ரூஸர்' நூலில் அலசியிருக்கிறார்கள். அதை யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: முடிவை அங்கே போய் எடுக்கக் கூடாது. வீட்டில் உட்கார்ந்து, பயமும் சோம்பலும் இல்லாதபோது எழுதி வைத்துவிட வேண்டும்.

நண்பனுக்கு அனுப்பிய பதில்

பச்சைப் படத்தை அழித்துவிட்டு இப்படி எழுதினேன்.

"இடம் சேஃபா இல்லையான்னு கேக்காத. வாடைக்கு சேஃப். கொண்டலுக்கும் தென்றலுக்கும் இல்லை. தங்குறதா இருந்தா, கீழே இருக்கறதைப் பேப்பர்ல எழுதி படகுல ஒட்டு. ஒண்ணு நடந்தாலும் கிளம்பணும், விவாதமே கிடையாது.

ஒண்ணு: முன்னறிவிப்புல தென்கிழக்கிலிருந்து தெற்கு வரைக்கும் எந்தத் திசையிலயாவது 15 நாட்டுக்கு மேல காற்றுன்னு வந்தா.

ரெண்டு: திறந்த பக்கத்திலிருந்து புதுசா நீளமான ஸ்வெல் வந்தா. காற்று இல்லாட்டியும் சரி.

மூணு: பாரோமீட்டர், நேத்து இதே நேரத்தை விட 3 மில்லிபார் இறங்கினா. அந்தப் பக்கம் தினமும் ரெண்டு தடவை அழுத்தம் தானா ஏறி இறங்கும். அதனால ஒரு மணி நேரம் முன்னாடி இருந்ததோட ஒப்பிடாத, நேத்தோட ஒப்பிடு.

நாலு: பின்னாடி நங்கூரம் போடாம சுத்தறதுக்கு இடம் கிடைக்கலைன்னா, அங்க நிக்கவே வேண்டாம்.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மூணு பேரும் சேர்ந்து இதைப் படிங்க. கிளம்பினா முதல்ல மரினா. அங்க இடம் இல்லைன்னா கரையை விட்டு விலகி நடுக்கடலுக்குப் போ. ஆழமான தண்ணீர்ல படகு தாங்கும், நீங்கதான் கஷ்டப்படுவீங்க."

சங்கிலி சுழலும் படத்தையும் வரைந்து அனுப்பினேன். அவன் மகளுக்கு அந்தப் படம்தான் பிடித்திருந்ததாம். பாரோமீட்டர் நோட்டும் அவள் பொறுப்பு ஆனது.

டிசம்பரில் போனார்கள். முதல் இரண்டு நாள் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அவள்தான் முதலில் சொன்னாளாம்: "அப்பா, அலை அந்தப் பக்கத்திலேர்ந்து வருது, 13 வினாடி." காற்று துளியும் இல்லை. பக்கத்துப் படகில் பார்பெக்யூ நடந்துகொண்டிருந்தது. இவன் தயங்கியிருக்கிறான். அவள் ஒட்டியிருந்த பேப்பரைக் காட்டியிருக்கிறாள். நாலரைக்கு நங்கூரத்தைத் தூக்கி, மரினாவில் அதிர்ஷ்டவசமாக ஒரு இடம் கிடைத்து, உள்ளே போய்விட்டார்கள்.

அன்றிரவு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஸ்வெல் கொஞ்சம் ஏறி, காலையில் அடங்கிவிட்டது. வெளியே நின்ற படகுகள் ஆடின, அவ்வளவுதான்.

"ஒரு ராத்திரி வாடகை தண்டம்டா" என்று போனில் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பணம் தண்டம் என்று எனக்குத் தோன்றவில்லை. 1982ல் அந்த விரிகுடாவில் இருந்தவர்கள் நம்மைவிடக் கடலை நன்றாக அறிந்தவர்கள். அவர்களுக்கும் முந்தின பல இரவுகள் இப்படியேதான் ஒன்றும் நடக்காமல் போயிருக்கும். அந்த ஒன்றும் நடக்காத இரவுகளைத்தான் என் நிரலும் எண்ணிச் சராசரி எடுத்துப் பச்சையாகக் காட்டியது.

நிரலை மாற்றிவிட்டேன். இப்போது அது நிறம் காட்டுவதில்லை. எந்தத் திசைக் கதவு திறந்திருக்கிறது, அந்தப் பக்கம் காற்று திரும்பினால் படகின் பின்பக்கத்துக்கும் கரைக்கும் இடையே எத்தனை மீட்டர் மிஞ்சும் என்று இரண்டை மட்டும் சொல்லும். தங்குவதா வேண்டாமா என்பதைப் படகில் தூங்கப் போகிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.